ஞாயிற்றுக்கிழமை எங்க பாடு

"ஞாயித்துக்கெழம எங்க பாடு. அவரு வேற கைய ஒடிச்சிகினு குந்திகினு கீறாரு. வர்றதுன்னா சனிக்கெழமையே வந்துடு." கஸ்தூரி போனில் சொன்னது இவ்வளவுதான். அதற்குள் அவள் பக்கத்தில் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

நான் அண்ணியிடம், கஸ்தூரி குடும்பத்தின் பாடு ரொம்ப மோசமாக இருக்கிறதாம் என்றேன். அண்ணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, பாவம் என்றார். நெல் விளையும் ஊரில் வளர்ந்த எங்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். பாடாய்ப் படுவது, படாத பாடு படுவது, என் பாடு திண்டாட்டம், அவ்வளவுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கஷ்டம் எப்படி நாள் சொல்லி வரும் என்று யோசிக்க இருவருக்கும் தோன்றவில்லை.

நான் நெதர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக அனுப்பம்பட்டுக்கு வந்திருந்தேன். கல்யாணம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் என் எடையைப் பற்றிக் கருத்துச் சொல்லி முடித்து, ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு சனியும் ஞாயிறும் மிச்சமிருந்தன. அந்த இரண்டு நாளும் கஸ்தூரிக்கு என்று வரும்போதே தீர்மானித்திருந்தேன். பொன்னேரிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து, பக்கத்துக் குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது அண்ணன் சொர்ணவாரிப் போகத்தில் விளைந்த அரிசி ஒரு பை கட்டிக் கொடுத்தார். கஷ்டப்படுகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்றார். அண்ணி வலிக்குத் தடவும் தைலம் வைத்தார். என் பங்குக்கு அங்கிருந்து கொண்டுவந்த, நடுவில் பாகு வைத்த வட்ட பிஸ்கட் ஒரு டப்பா. இவற்றோடு துக்க வீட்டுக்குப் போகிற முகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஐப்பசி மழை எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் பாதி வழியில் பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் வைப்பர் இரண்டு முறை ஆடி, மூன்றாவது முறை பாதியில் நின்றுவிட்டது. டிரைவர் பதற்றமே இல்லாமல் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். எத்தனை நேரம் ஆகும் என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன். எனக்கே முன்னால் இருப்பது தெரியவில்லை, உன்னை எங்கே என்று கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்க இறங்கினார். நான் இருக்கும் ஊரில் பஸ் கொஞ்சம் தாமதமானாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் சூடாக மைசூர் போண்டா கிடைத்தது. இரண்டாவது போண்டாவில் என் கோபம் போய்விட்டது. மூன்றாவதில் மழையும் விட்டது.

பழவேற்காட்டில் ஷேர் ஆட்டோக்காரர் என் பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். உடனே மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "சமாதிக்கா? சொந்தக்காரங்க யாரனா கீறாங்களா உள்ள?" என்று கேட்டார்.

நெதர்லாந்துக்கு இந்தப் பக்கத்தில் ஒல்லாந்து என்று பெயர். ஒல்லாந்துக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இங்கே பேர் போனது. முன்பு இந்த ஊரில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். என்னைவிடக் கறுப்பான ஒல்லாந்துக்காரி இருக்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. வந்தது வந்தீர்கள், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள் என்று வாசலில் நிறுத்திவிட்டார். வாசல் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே கல்லறைப் பலகைகள் நல்ல வேலைப்பாடு. எனக்கு அந்த மொழி கொஞ்சம் படிக்க வரும் என்பதால் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். பெயர், ஊர், வேலை, எல்லாம் விளக்கமாக எழுதியிருந்தது. இங்கே நெய்த துணியை மட்டுமல்ல, இங்கத்து மனிதர்களையும் கப்பலில் ஏற்றி விற்றவர்கள் இவர்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கும்பிடு போடாமல் வெளியே வந்தேன்.

கஸ்தூரி வீட்டு வாசலில் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அரிசிப் பையை இறக்கி வைத்து, அவள் கையைப் பிடித்து, உன் பாட்டைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த மகள் பவானியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காலேஜில் படிக்கிற பவானி வந்து விளக்கம் கொடுத்தாள்.

இந்த ஏரியில் பாடு என்றால் முறை. இறால் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன வீடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உன் பாடு வரும் நாளில் அந்த இடத்தில் வேறு எவரும் வலையை நனைக்க மாட்டார்கள். நான் இருக்கும் ஊரில் ரொட்டிக் கடைக்குப் போனால் வாசலில் ஓர் எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதே கதைதான், ஆனால் அங்கே முறை தப்பினால் இன்னொரு சீட்டு கிழித்துக்கொள்ளலாம். இங்கே எல்லா வீடும் சுற்றி முடிந்த பிறகுதான் மறுபடி வரும். அதற்குள் மழைத்தண்ணீர் ஏரியை நிரப்பி, இறால் ஓட்டம் முடிந்துவிடும். ஐப்பசிப் பாடு கிடைத்த வீடு தை வரை கவலைப்படாமல் இருக்கலாம் என்று கஸ்தூரி சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிப்பு நின்றிருந்தது.

ஏனென்றால் கை ஒடிந்தது நிஜம். அவள் கணவர் ஏழுமலை காட்டுப்பள்ளி ரோட்டில் பைக்கில் போகும்போது ஒரு நாயைத் தப்பிக்க விட்டுத் தான் விழுந்திருக்கிறார். வலது கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னை வா என்று சொன்னதோடு சரி.

கூலிக்கு ஓர் ஆளைப் போட்டால் என்ன என்று கேட்டேன். வலை கட்டப் பங்காளிகள் இரண்டு பேர் வருவார்கள், ஆனால் பாட்டுக்கு உரிய வீட்டு ஆள் ஒருவர் கண்டிப்பாகத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடாம். இல்லாவிட்டால் கையில் காசு உள்ளவன் எல்லார் பாட்டையும் வாங்கிவிடுவான். நியாயமான சட்டம்தான். ஏழுமலைக்கு அண்ணன் தம்பி இல்லை, மகனும் இல்லை. இறங்க ஆள் இல்லையென்றால் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அவர் போனால் போகட்டும் என்று இருந்தார். கஸ்தூரி நான் இறங்குகிறேன் என்று இருந்தாள். பாட்டு வலையில் பொம்பளை இறங்கி இந்த ஊர் பார்த்ததில்லை. வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

ஆனால் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, என் அண்ணன் அரிசியிலேயே வடித்த சோறு. மடவை முட்டையைத் தனியாகப் பொரித்து என் தட்டில் மட்டும் வைத்தாள். உங்கள் ஊரில் மீனை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டாள். வாலைப் பிடித்துத் தூக்கி, வெங்காயத்தைத் தொட்டுக்கொண்டு, பச்சையாகவே வாயில் இறக்குவார்கள் என்றேன். அவ்வளவு தூரம் கப்பலில் வந்தவர்கள் இங்கேயிருந்து ஒரு குழம்பு வைக்கக் கூடவா கற்றுக்கொண்டு போகவில்லை என்று கஸ்தூரி வருத்தப்பட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு லேசாகக் குலுங்கியது. ஏழுமலை சிரித்தார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. ஆண்கள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்க, பெண்கள் அடிபம்பு ஓரமாக நின்றார்கள். கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தின் விளிம்பில் போய் நின்றாள். நான் அவள் பின்னால். தலைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், அவ்வப்போது செல்போனைப் பார்த்துக்கொள்கிற மனிதர். அவருக்குப் பக்கத்தில் கோவிந்தன் என்பவர் இருந்தார். ஏழுமலைக்கு அடுத்த பாடு இவருடையது, ஏழுமலை விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் இவருக்கே போகும். கெட்டவர் இல்லை. அவருக்கும் வீடு வாசல் பிள்ளை குட்டி உண்டு. எனக்கு ஆசை இல்லை, முறையைத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, ஆள் இறங்காத பாடு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம் என்றார். பலபேர் தலையாட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. முன்னால் போய், நான் இருக்கும் நாட்டில் பெண்கள் கப்பலே ஓட்டுகிறார்கள், அணைக்கட்டைக் காவல் காக்கிறார்கள், அங்கே யாரும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை என்று ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். கோவிந்தன் பொறுமையாகக் கேட்டார்.

"ஒல்லாந்துக்காரங்க பேச்ச கேட்டு இந்த ஊரு ஒருவாட்டி கோட்ட கட்டிக்க எடம் குட்துச்சி. இப்ப அதுல முள்ளுதான் மொளச்சிகினு கீது" என்றார்.

மண்டபமே சிரித்தது. அடிபம்புப் பக்கமும் சிரித்தார்கள். கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, கம்முனு இரு என்றாள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. உதவ வந்தவள் உபத்திரவமாகிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

சிரிப்பு அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு தலைவரை மட்டும் பார்த்துப் பேசினாள். "மொற இன்னா சொல்லுது? பாட்டுக்கு வூட்டு ஆளு எறங்கணும்னுதான சொல்லுது. நா அந்த வூட்டு ஆளு இல்லனா, இத்தினி வருசமா யாரு வூட்ல சோறாக்கினு கீறேன்?"

ஆள் என்றால் ஆம்பளை ஆள் என்று அர்த்தம் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அப்படி எப்போது, யார் சொன்னது என்று கஸ்தூரி கேட்டாள். யாருக்கும் நினைவில்லை. வழிவழியாக வந்த வார்த்தை. ஆம்பளை என்பது அதில் இல்லவே இல்லை. சொல்லத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள். கோவிந்தன் விடவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று வலைக்குக் கழி நட வேண்டும், உன்னால் ஆகுமா என்று கேட்டார்.

"தெனிக்கும் கழுத்தளவு தண்ணில நின்னுதான் கையால எறா தடவறேன். கோயிந்தண்ணே, உன் பொண்டாட்டியும் எம் பக்கத்துலதான் நிக்கிறா. அவள கேளு."

அடிபம்புப் பக்கம் இப்போது யாரும் சிரிக்கவில்லை. தலைவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார்.  கடைசியில், ஏழுமலை போட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், பாடு அவன் பெயரில்தான் நடக்கும், தண்ணீரில் யார் இறங்குகிறார்கள் என்று நான் வந்து பார்க்கப் போவதில்லை என்றார். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஒரு தீர்ப்பு. எனக்கு மறுபடி கோபம் வந்தது. கஸ்தூரி சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஏழுமலை வாயைத் திறந்தார். என்னைப் பொம்மை மாதிரி உட்கார வைத்து ஊரே வேடிக்கை பார்க்கவா, நான் வரமாட்டேன் என்றார். பவானி, நைனா நைனா என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் படுத்துப் போர்த்திக்கொண்டார்.  கஸ்தூரி ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரையும் கொஞ்சம் கயிற்றையும் அவர் தலைமாட்டில் வைத்தாள். பிறகு எனக்குப் பாய் போட்டுக்கொண்டே, உங்கள் ஊரில் குளிருக்கு எத்தனை போர்வை போர்த்துவீர்கள் என்று விசாரித்தாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எப்படித்தான் இப்படிப் பேச முடிகிறதோ என்று நினைத்தேன்.

ஞாயிறு விடிந்தபோது வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கஸ்தூரி நைட்டி மேல் ஏழுமலையின் பழைய சட்டையைப் போட்டு, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். பங்காளிகள் இருவரும் வலையைப் போட்டில் ஏற்றிவிட்டார்கள். கிளம்ப வேண்டிய நேரம். கடல்தண்ணீர் உள்ளே ஏறி, திரும்ப இறங்கும்போதுதான் இறால் ஓடும். அதற்குள் வலை நிற்க வேண்டும். கஸ்தூரி வீட்டுப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கும் கரைக்கும் நடுவே கருவாடு காயவைக்கும் மணல்வெளியில் ஏழுமலை நடந்து வந்தார். மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர் கோணல்மாணலாக இருந்தது. யாரையும் கேட்காமல் பல்லால் கடித்துத் தானே முடிச்சுப் போட்டிருக்கிறார். போட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பாட்டுப் போட்டில் வெளியாள் ஏறக் கூடாது. பவானியும் நானும் கரையில் நின்றோம். இடம் அதிக தூரமில்லை, கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். கஸ்தூரி இறங்கியதும் தண்ணீர் அவள் தோள் வரை வந்தது. கழியைப் பிடித்து, உடம்பின் முழு பாரத்தையும் அதன் மேல் போட்டுச் சேற்றில் இறக்கினாள். ஒன்று நின்றது. இன்னொன்று நின்றது. கரையில் ஒவ்வொருவராகப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கோவிந்தன் மனைவியும் கூடையோடு வந்து நின்றாள்.

வலையைக் கட்டி முடித்து, தண்ணீர் இறங்க ஆரம்பித்தபோதுதான் அது நடந்தது. ஓட்டத்தின் வேகத்தில் நடுக்கழி ஒன்று சாய்ந்தது. வலை ஒருபக்கமாக வயிறு தள்ளியது. கஸ்தூரி பாய்ந்து போய் அந்தக் கழியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அலை அவள் தலைக்கு மேல் போய் வந்தது. தலை தெரியும், மறையும், தெரியும். பவானி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.  போட்டில் பொம்மையாக உட்கார மாட்டேன் என்ற மனிதர் எழுந்து நின்றுவிட்டார். ஒற்றைக் கையை வீசி வீசிக் கத்தினார். அவர் குரல் கரை வரை கேட்டது. "வுடாத கஸ்தூரி. காலு அகட்டி வையி. காத்து பக்கம் முதுவ குடு." பங்காளி ஒருவர் நீந்திப் போய் இன்னொரு கழியை அணைகொடுத்துக் கட்டும் வரை அவர் கத்துவதை நிறுத்தவில்லை. அவள் விடவும் இல்லை.

மதியத்துக்கு முன் போட் கரைக்கு வந்தது. ஏரி இவளுக்காக ஒன்றும் விசேஷமாக வாரிக் கொடுத்துவிடவில்லை. எல்லார் பாட்டிலும் ஐப்பசியில் என்ன கிடைக்குமோ அதுதான். வெள்ளை இறால், கொஞ்சம் கறுப்பு இறால், நண்டு, மேலே துள்ளிக்கொண்டு மடவை. ஆனால் தார்ப்பாயில் கொட்டியபோது அது ஒரு குவியலாக நின்றது. கஸ்தூரிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்கைகள் இரண்டும் கழி உராய்ந்து தோல் உரிந்திருந்தன. நான் என் சால்வையைப் போர்த்திவிட்டேன். அழுகையை அடக்க எனக்குத் தெரியவில்லை, அழுதேன். அவள் பல் கிட்டிப்போன வாயோடு, ஆட்டோவுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டாள்.

குவியலை யாரும் தொடவில்லை. ஏன் என்று பவானியிடம் கேட்டேன். பாடு கைமாற வேண்டும் என்றாள். அடுத்த பாட்டுக்காரர் கரைக்கு வந்து, முடிந்தது யார் பாடு என்று கேட்பார். முடித்த வீட்டுக்காரர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்தப் பெயரை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு, தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த வீட்டின் பாடு ஊர்க் கணக்கில் நின்றதாக அர்த்தம்.

கோவிந்தன் வந்தார். தலைவரும் வந்து சற்றுத் தள்ளி நின்றார். வந்து பார்க்கப் போவதில்லை என்றவர், என்னவோ வந்திருந்தார். கோவிந்தன் வழக்கப்படி ஏழுமலையின் முகத்தைப் பார்த்து, முடிந்தது யார் பாடு என்று கேட்டார்.

ஏழுமலை கவர் கிழிந்து தொங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. மனைவியைப் பார்க்கவில்லை, தலைவரைத்தான் பார்த்தார்.

"கஸ்தூரி பாடு" என்றார்.

  கோவிந்தன் தரையைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், கூடையோடு நின்ற தன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை செருமிக்கொண்டு, கரையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"கஸ்தூரி பாடு முடிஞ்சிச்சி. நாளிக்கி கோயிந்தன் பாடு."